பழைய பாலம் மூடப்படவில்லை

மார்ச் 3

மகனே,

உங்கள் ராக் குழுவின் ஐந்தாவது ஆல்பத்தில், நான்காவது பாட்டில், என் குரல் இருப்பது நேற்று மாலை உறுதியானது. ஆதாரம்: என் சொந்தக் காதுகள். உடனிருந்த சாட்சி: உன் தங்கை.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய பல் மருத்துவமனையில், சாய்வு நாற்காலியில், வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தவள், "கொஞ்சம் பாட்டுப் போடுறேம்மா, வலி தெரியாது" என்றாள். கிட்டார் கேட்டது. பிறகு டிரம்ஸ். அதற்கு மேலே ஒரு பெண்பிள்ளை மூச்சிரைக்க, "பழைய பாலம் மூடப்பட்டது, முற்றுப்புள்ளி" என்றாள். யாரோ பாவம், நம்மைப் போல ஒருத்தி என்று நினைத்தேன். "புதுப் பத்தி" என்றபோதுதான் அது நானே என்று உறைத்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். வாய்க்குள் இரண்டு கருவிகளும் ஒரு பஞ்சுருண்டையும் இருந்தன. "ஆடாதம்மா, நாக்குல பட்டுடும்" என்று தோளை அழுத்திவிட்டாள். கேள்வி கேட்டே பிழைப்பு நடத்துகிறவள், ஒரு பாட்டு முடியும்வரை ஒரு கேள்விகூடக் கேட்க முடியாமல் கிடந்தேன்.

பஞ்சை எடுத்தபின் விசாரித்தேன். "அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நீயே யோசி" என்று பாட்டை அவளுக்கு ரகசியமாக அனுப்பியிருக்கிறாய். அவள் யோசித்த லட்சணம் இது.

கேட்காமல் என் குரலை எடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அதை ஓரமாக வைப்போம். பிரச்சினை வேறு. அந்தச் செய்தி தவறு.

நீ வீட்டுக்கு வந்திருந்தபோது பெய்த மழையில் ஆறு பெருகியது நினைவிருக்கும். போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர், "பழைய பாலத்தை மூடியாச்சு" என்றார். நான் எங்கள் செய்தி நிறுவனத்துக்குத் தொலைபேசியில், அங்கே எழுதிக்கொள்கிறவருக்காக முற்றுப்புள்ளி, பத்தி எல்லாம் சேர்த்து, அப்படியே சொன்னேன். சொல்லி முடித்த சூட்டில், பாலத்திலேயே நின்றிருந்த பொறியாளர் அழைத்தார். மூடியது புதுப்பாலம், பழையது திறந்துதான் இருக்கிறது. செய்தி வெளியே போகும் முன்பே மறுபடி அழைத்துத் திருத்தினேன். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் சரியாகத்தான் வந்தது. உன் பாட்டில் மட்டும் தவறாக வருகிறது, அதுவும் பதினாறு தடவை.

நான் திருத்தினேன். நீ திருத்தத்தை வெட்டியிருக்கிறாய்.

தொலைபேசியில் அழைக்காதே. நீ "அம்ம்மா" என்று இழுத்தால் நான் பாதியிலேயே இளகிவிடுவேன், அது உனக்கும் தெரியும். எழுது. உன் விளக்கம் இந்த வாரக் கடைசிக்குள் வந்துசேரும் என்று எதிர்பார்க்கிறேன்.

அம்மா

மார்ச் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ "மகனே" என்று ஆரம்பித்தால் வீட்டில் ஏதோ உடைந்திருக்கிறது, உடைத்தது நான்தான் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஆகவே முதலில் மன்னிப்பு. தங்கச்சியைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

நான் எதையும் வெட்டவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். போன ஆல்பம் ஊர் ஊராக விற்றது, விருது வந்தது, விமான நிலையத்தில் ஆட்கள் படம் எடுத்தார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளை மேடையில் பாடும்போது எனக்கே கொட்டாவி வந்தது. புது ஆல்பத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குழுவை ஸ்டுடியோவில் காக்க வைத்துவிட்டுத்தான் அந்த மழை வாரத்தில் வீட்டுக்கு வந்தேன். பின்னறையில் துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டாரில் எதையோ தடவிக்கொண்டிருந்தேன். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

நீ தொப்பலாக நனைந்து மாடிப்படி ஏறி வந்தாய். மின்சாரம் இல்லை, கைபேசிக்கு உயிர் இல்லை. நடைவழியில் இருந்த பழைய தொலைபேசி மட்டும் வேலை செய்தது. நின்றபடியே செய்தியைச் சொன்னாய். இரண்டாவது தடவை நீ அழைத்தபோது நான் கருவியை நிறுத்திவிட்டு எழுந்து போயிருந்தேன். எதற்கு? உனக்குத் துண்டு எடுத்துவர. தலை துவட்டிக்கொண்டாயே, அந்தத் துண்டு.

ஸ்டுடியோவில் போட்டுக் கேட்டபோது என் மெட்டு குப்பை. பின்னால் உன் குரல் மட்டும் உயிரோடு இருந்தது. எங்கள் டிரம்ஸ்காரி, நாங்கள் 'இடி' என்று கூப்பிடுகிறவள், காதைத் தீட்டிக்கொண்டு, "டேய், மெட்டை விடு. உங்கம்மா முற்றுப்புள்ளின்னு சொல்ற இடத்தைக் கவனி. அங்கதான் அடி விழணும்" என்றாள். அடித்துக் காட்டினாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. பேஸ் கிட்டார் வாசிக்கும் அரைவார்த்தையை உனக்குத் தெரியுமே, ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்காதவன். அவன் எழுந்து நின்று "இதுதான்டா ஆல்பம்" என்றான். மூன்று வருஷத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது. மிச்சம் ஒன்பது பாட்டும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்பி வந்தன.

எங்கள் இசைக் கம்பெனி ஆல்பத்துக்கு முன்னாலேயே இதைத்தான் தனியாக வெளியிடப் போகிறது. அவர்களுடைய வக்கீல், உன் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்கிறார், மாதக் கடைசிக்குள். ஏப்ரல் 2ஆம் தேதி தொழிற்சாலையில் இசைத்தட்டு அச்சடிக்கத் தொடங்குகிறார்கள்.

பாட்டுத்தானே அம்மா. எந்தப் பாலம் என்று யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

உன் மகன்

மார்ச் 9

மகனே,

யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்ற உன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அன்று எனக்கு அழைத்துச் சொன்ன அந்தப் பொறியாளர். ஆதாரம்: நேற்று அவரையே அலுவலகத்தில் போய்ப் பார்த்தேன்.

உன் வயதுதான் இருக்கும். மேசைக்கடியில் இன்னும் சேறு காயாத ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். அன்று மேலதிகாரிகள் எதற்கு வம்பு என்று இரண்டு பாலத்தையும் மூடச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பெண் ஒவ்வொரு தூணிலும் நீர்மட்டம் பார்த்து, பழையது தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் நடுவிலேயே போய் நின்றுகொண்டார். ஆம்புலன்ஸ்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் போயின. ஒன்றில் இருந்தவளுக்கு அக்கரையில் இறங்கிய கையோடு குழந்தை பிறந்தது. பழைய பாலம் திறந்திருந்தது என்பதுதான் அன்றைய செய்தியே.

விஷயத்தைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அந்தக் குழுவா? அந்தப் பாடகர் உங்க பையனா? அய்யோ, நான் அவங்க நிகழ்ச்சி ஒண்ணு விடாம போறேம்மா!" என்றார். பிறகு பாட்டு வரியைச் சொன்னேன். "இனிமே எல்லாரும் சேர்ந்து என் பாலத்தை மூடினதா பாடுவாங்க. நான் நடுவுல நின்னு கை தட்டணுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

எனக்கு உன் பாட்டின் மேல் விரோதம் இல்லை. "பழைய" என்ற இடத்தில் "புதுப்" என்று வந்தால் போதும். ஆகவே நானே மறுபடி வாசித்து, உன் தங்கையை விட்டுப் பதிவு செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு சொல் மட்டும் மாறியிருக்கிறது. நிறுத்தங்கள் அனைத்தும் அதே இடத்தில். கிடைத்த விவரத்தை எழுது.

அம்மா

மார்ச் 14

அம்மா,

பதிவு கிடைத்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கேட்டோம். கேட்டு முடித்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் அரைவார்த்தை, "மூணாவது பிளாட்பாரத்துல..." என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான். அவன் முடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரியே இருந்தது. நீ அவ்வளவு தெளிவாக, அவ்வளவு மரியாதையாகப் பேசியிருக்கிறாய். அந்த நாளில் உன் குரலில் படிக்கட்டு இருந்தது, மழை இருந்தது, "சீக்கிரம் எழுதிக்கய்யா" என்ற பதற்றம் இருந்தது. இதில் பல் மருத்துவமனையின் குளிர்சாதனம்தான் இருக்கிறது.

தங்கச்சியிடம் உன்னைப் படியேறி ஓட வைத்துப் பதிவு செய்யச் சொன்னேன். அதுவும் வந்தது. மூச்சிரைக்கும் ரயில் நிலைய அறிவிப்பு. நடுவில் "போதுமாடி? முட்டி வலிக்குது" என்பது மட்டும்தான் அதில் நன்றாக இருக்கிறது. வேறு எங்கேயோ நீ சொன்ன "புது"வை வெட்டி ஒட்டியும் பார்த்தோம். சட்டைக்குப் போட்ட ஒட்டு மாதிரி தனியாகத் தெரிகிறது.

இதற்கிடையில் போன வாரம் ஒரு சின்ன அரங்கில் சும்மா சோதித்துப் பார்க்க அந்தப் பாட்டை வாசித்தோம். இரண்டாவது தடவை வரும்போதே கூட்டம் கூடச் சேர்ந்து "முற்றுப்புள்ளி!" என்று கத்தியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் உன் கடிதத்துக்குப் பிறகு, அந்தக் கூட்டத்தின் நடுவில் கை தட்டாமல் நிற்கும் ஒரு பெண்ணும் என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டாள். நன்றி அம்மா, நல்ல வேலை செய்தாய்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். பாட்டை எடுத்துவிட்டோம். ஆல்பத்தில் ஒன்பது பாட்டுதான். கம்பெனிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இடி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. குச்சியால் மேசையைத் தட்டித்தான் பதில் சொல்கிறாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் பிசகியதற்கு இவ்வளவு ஓடினாய். பத்து வருஷமாக நான் பாடுகிறேன். ஐந்து ஆல்பம். என் பாட்டு ஒன்றையாவது முதலிலிருந்து கடைசி வரை கேட்டிருக்கிறாயா? ஒரு நிகழ்ச்சிக்காவது வந்திருக்கிறாயா? ஒவ்வொரு தடவையும் "கேட்டேன், சத்தமா இருந்துச்சு" என்பாய். அது விமர்சனம் இல்லை அம்மா, வானிலை அறிக்கை.

உன் மகன்

மார்ச் 18

மகனே,

பாட்டு நீக்கப்பட்டது உறுதியாகியுள்ளது. ஆதாரம்: கம்பெனி வக்கீலிடமிருந்து நேற்று எனக்கு வந்த கடிதம். மூன்று பக்கம். ஒரு பக்கத்தில் முடித்திருக்கலாம்.

நான் கேட்டது கிடைத்திருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை.

உன் கேள்விக்குப் பதில். நேற்றுவரை நான் முழுதாகக் கேட்டவை மூன்று பாட்டு. ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை. காரணம் நேரமின்மை என்று சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன். நீ மேடையில் பாடும்போது எங்கேயாவது பிசகிவிடுவாயோ என்று எனக்குப் பயம். அமைச்சரைக் கேள்வி கேட்கும்போதுகூட வராத பயம். எதிரே உட்கார்ந்துகொண்டு உன்னைத் திருத்தவும் முடியாது, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. அதனால் வராமல் இருந்தேன்.

நேற்று உன் தங்கை வீட்டுக்கு வந்ததும் அந்த நான்காவது பாட்டைப் போடச் சொன்னேன், இந்த முறை வாயை மூடிக்கொண்டு கேட்க. எட்டுத் தடவை கேட்டேன். அவள் ஐந்தாவது தடவையே சமையலறைக்கு ஓடிவிட்டாள். பாட்டு நன்றாக இருக்கிறது. செய்தி தவறு, பாட்டு நன்றாக இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று நான் இதுவரை நினைத்ததில்லை.

இப்போது ஒரு தகவல். மழையில் சேதமான புதுப்பாலத்தின் பழுதுபார்ப்பு முடிந்து, வரும் 24ஆம் தேதி காலையில் திறக்கிறார்கள். செய்தி சேகரிக்க என்னை அனுப்புகிறார்கள். அங்கே கைபேசியில் எழுதி அனுப்புவதற்கு எனக்குக் கண்ணாடியும் பொறுமையும் கிடையாது என்பது ஊரறிந்தது. வழக்கம்போல அழைத்துத்தான் சொல்வேன். பொது இடம். காற்றடிக்கும், வண்டி ஓடும், கூட்டம் இடிக்கும். பதிவுக் கருவியோடு யாராவது அந்தப் பக்கம் வந்தால் நான் ஆட்சேபிக்கப் போவதில்லை. இதை எழுத்திலேயே தருகிறேன், உங்கள் வக்கீலிடம் காட்டிக்கொள்.

ஒரே நிபந்தனை. நீங்கள் என் கண்ணில் படக் கூடாது. பட்டால் மறுபடியும் மூன்றாவது பிளாட்பாரம்தான்.

அம்மா

மார்ச் 26

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ எங்களைப் பார்த்தாயா இல்லையா என்று தெரியாமல் இரண்டு நாளாக மண்டை குடைகிறது. பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

கைப்பிடிக் கம்பிகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்களே, அதில் உனக்கு மிக அருகே இருந்தது இடி. தொப்பி, முகத்துணி, வர்ணக்காரர் சட்டை. காலி வாளிக்குள் மைக். எல்லாம் சரியாகத்தான் போனது. மேஸ்திரி வந்து, "என்னம்மா நின்னுக்கிட்டே இருக்க? கையில தூரிகை எதுக்கு, காது குடையவா?" என்று சத்தம் போட்டார். வேறு வழியில்லாமல் அடிக்க ஆரம்பித்தாள். அவள் கைக்குத் தாளம் தவறாதே! மேஸ்திரி மறுநாளும் வேலைக்கு வரச் சொன்னார்.

அரைவார்த்தை நிலைமை மோசம். கூட்டத்தில் ஒளிந்து நின்றவனைத் தொலைக்காட்சிக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். "பாலம் திறந்தது பொதுமக்களுக்கு எப்படி இருக்கு?" என்று மைக்கை நீட்ட, அவன் நெடுநேரம் யோசித்து "ம்" என்றான். அதை மாலைச் செய்தியில் போட்டார்கள். நான் பேருந்து நிறுத்தத்தில், வெயிலில் குடை பிடித்து, குடைக்குள் இரண்டாவது மைக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் ரிப்பன் வெட்டியதும் நீ வாகனங்களைத் தாண்டி வேகமாக நடந்தாய். காற்று. லாரி ஹாரன். "புதுப்பாலம் இன்று காலை திறக்கப்பட்டது, முற்றுப்புள்ளி" என்றாய். எங்களுக்கு அதுவே போதும். ஆனால் உன் ஆபீஸில் இருந்தவர் என்ன கேட்டாரோ, உனக்குக் கோபம் ஏறிவிட்டது. "பழையது இல்லய்யா! புதுசு! புதுசு! பழையதை யாரு மூடினா? அது திறந்தேதான் இருக்கு! இப்ப ரெண்டும் திறந்தாச்சுன்னு சொல்றேன்ல!" என்று கத்தினாய் பார். இடி தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டாள். நான் குடையை மூடிவிட்டேன். அரைவார்த்தை எங்கோ கூட்டத்தில் விசில் அடித்தான்.

நேராக ஸ்டுடியோ. பழைய பதிவை முழுக்க எடுத்துவிட்டோம். இடி புதிதாக வாசித்தாள். "உங்கம்மா இந்தத் தடவை கோபமா நிறுத்துறாங்க, அடியும் தள்ளித்தான் விழணும்" என்றாள். என் வரிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. முன்பு அது ஏதோ மூடிப்போனதைப் பற்றிய பாட்டு. இப்போது எல்லாம் திறந்து கிடக்கிறது. அழுகையாக முடிந்த பாட்டு ஆட்டமாக முடிகிறது. இது முன்பைவிட நல்ல பாட்டு அம்மா. ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கம்பெனிக்காரர் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பாட்டுக்கு "ரெண்டும் திறந்தாச்சு" என்று பெயர்.

பத்துப் பாட்டையும் அனுப்புகிறேன். சம்மதக் கடிதமும் இருக்கிறது. கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு. பிடிக்கவில்லை என்றால் போடாதே. இந்தத் தடவை நிஜமாகவே சொல்கிறேன்.

முதல் நிகழ்ச்சி ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை மாலை, உங்கள் ஊரிலேயே. உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு அலுத்துவிட்டதால், இது அழைப்பு இல்லை, தகவல்.

உன் மகன்

மார்ச் 30

மகனே,

சம்மதக் கடிதத்தில் இன்று காலை கையெழுத்திட்டு வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். ஆதாரம்: தபால் நிலைய ரசீது, இத்துடன்.

பத்துப் பாட்டையும் முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். இரண்டாவது பாட்டு நீளம், உனக்கே தெரிந்திருக்கும். ஆறாவது பாட்டில் யாரோ ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்கிறாய். யார் என்று நான் விசாரிக்கவில்லை, உன் தங்கை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். எட்டாவதில் அரைவார்த்தை தனியாக வாசிக்கும் இடத்தில் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டேன். பேசாமலே இவ்வளவு சொல்லத் தெரிந்த பிள்ளை எதற்குப் பேச வேண்டும்?

நான்காவது பாட்டில் ஒரு பிழை. "ஏழு தூண் மேலே" என்று பாடுகிறாய். புதுப்பாலத்துக்குத் தூண்கள் ஒன்பது. பொறியாளரிடம் உறுதி செய்துகொண்டேன். "ஒன்பது தூண் மேலே" என்றாலும் மெட்டு இடிக்காது, பாடிப் பார்த்தேன். யார் முன்னிலையிலும் இல்லை. தொழிற்சாலை வேலை தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது, மாற்றிவிடு.

பாட்டைப் பொறியாளருக்கும் போட்டுக் காட்டினேன். நான் கத்துகிற இடம் வந்ததும் அலுவலகம் என்றும் பார்க்காமல் எழுந்து நின்று கை தட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் சம்பள உயர்வு வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு, "முன்வரிசையில ரெண்டு இடம் வாங்கியிருக்கேம்மா. ஒண்ணு உங்களுக்கு. காதுல வைக்கப் பஞ்சும் நானே கொண்டுவரேன்" என்றார். பஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வாளியோடு நின்ற வர்ணக்காரியை நான் பார்த்தேனா என்ற கேள்விக்கு இப்போதைக்குப் பதில் சொல்வதற்கில்லை.

நிலுவையில் இருப்பது ஒன்றுதான். 17ஆம் தேதி எனக்குப் பணி நாள், மாலைப் பணி. விடுப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். செய்தி ஆசிரியரின் பதில் வரும் வியாழக்கிழமை எதிர்பார்க்கப்படுகிறது. அவர் மறுத்தால், 17ஆம் தேதி காலை எனக்குக் கடும் காய்ச்சல் வரும் என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.

அம்மா